ஃபிட்டர் பிடுங்கிய நாலு பின்

என் கணவர் ஃபிட்டர். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குழாய் பொருத்துகிற வேலை. அவர்கள் வேலை செய்கிற இடத்துக்கு எந்தச் சாமானும் சரியான அளவில் வந்து சேர்வதில்லை. குழாய் இரண்டு விரல் நீளம் கூடுதலாக இருக்கும், போல்ட் ஓட்டை தள்ளி விழுந்திருக்கும். வெட்டியோ ராவியோ தட்டியோ உட்கார வைத்துவிட்டால் கெட்டிக்காரன் என்று பெயர். அந்தப் பெயரைப் பத்து வருடமாக வாங்கிக்கொண்டிருந்த மனிதரிடம், ஒரு பொருள் இன்னொன்றுக்குள் நுழையவில்லை என்றால், அது அங்கே நுழைய வேண்டிய பொருள்தானா என்று கேட்டுப் பயனில்லை. அவர் அரத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

நானும் குழாய்க்காரிதான். டிப்ளமா முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் குழாய் டிராயிங் போடப் படித்தவள். ஏசி ரூமில் உட்கார்ந்து விடுகிற புளுகுக்குப் பெயர்தான் டிராயிங் என்பது அவர் கட்சி. கல்யாணமாகி இரண்டு வருடம் எர்ணாவூரில் மூன்றாவது மாடி வீட்டில் சும்மா இருந்தேன். "வேலைக்குப் போவாதன்னு நான் எப்போ மே சொன்னேன்? வூட்லயே குந்திகினு செய்னுதானே சொல்றேன்" என்பார். எவ்வளவு தாராள மனசு பாருங்கள்.

இரண்டாயிரங்களின் கடைசி அது. ஊரே தட்டை மானிட்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. கல்மண்டபத்தில் ஒரு டிராயிங் ஆபீஸ், வீட்டிலிருந்தே வரைந்து தர ஆள் தேடியது. ஒரு எண்ணெய்த் தொட்டிக்குப் போகும் குழாய்களை வரைந்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கொண்டுவரச் சொன்னார் மேனேஜர். "இன்னும் ரெண்டு பேருக்கும் இதே வேலையைக் குடுத்திருக்கேன்மா. யாரோடது சரியா இருக்கோ அவங்களுக்குத்தான்" என்றார். படித்த படிப்பு துருப்பிடித்துப் போவதற்குள் கிடைத்த ஒரே வாய்ப்பு. ராப்பகலாக உட்கார்ந்து முக்கால்வாசி முடித்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டருக்குள் இருந்த கிராபிக்ஸ் கார்டு செத்துப்போனது. டிராயிங் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது, திரையில்தான் வரவில்லை.

நான் கேட்காமலேயே சனிக்கிழமை வேலை முடிந்து நேராக ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு புதுக் கார்டு வாங்கி வந்தார். மறைப்பானேன், அன்றைக்கு அவர்மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது. அந்தப் பிரியம் ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை இருந்தது.

எங்களிடம் இருந்தது ஒரு கப்பல் ஆபீஸ் கழித்துப்போட்ட பழைய பத்தொன்பது அங்குல மானிட்டர். முன்னால் கண்ணாடி, பின்னால் தொப்பை. அதை மூன்று மாடி தூக்கி ஏற்றிய கதையை அவரும் அவருடைய சிநேகிதரும் இன்றும் பிரசவக் கதைபோலச் சொல்வார்கள். அதன் கேபிளுக்கு நீலத் தலை. புதுக் கார்டிலோ மேலும் கீழுமாக இரண்டு வெள்ளை சாக்கெட், நீலத் தலை எதிலும் போகாது. அதற்காகக் கடைக்காரர் கட்டைவிரல் அளவில் ஒரு கன்வெர்ட்டர் கொடுத்திருந்தார். அதன் ஒரு பக்கம் கேபிளைச் செருகலாம், இன்னொரு பக்கம் கார்டுக்குள் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சிநேகிதரை வரவழைத்துவிட்டார். பக்கத்து பிளாக்கில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அவர், இவருக்கு அதே தொழிற்சாலை. ஒரு கார்டை மாட்ட இரண்டு ஆள், மூன்று ரவுண்டு டீ. டீ போடுகிற பொறுப்பு டிப்ளமா படித்தவளுக்கு.

கார்டு ஒழுங்காக உட்கார்ந்தது. கன்வெர்ட்டர் கீழ் சாக்கெட்டில் போக மறுத்தது. கன்வெர்ட்டரில் வரிசையாக நிறையப் பின், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு தட்டையான தகடு, தகட்டுக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாகத் தனியே நாலு பின். சாக்கெட்டில் தகட்டுக்கு வழி இருந்தது, அந்த நாலு பின்னுக்கு ஓட்டை இல்லை.

"ஓட்டை இல்லன்னா அதுக்கு ஏதோ காரணம் இருக்கும்ய்யா. மேல கீற சாக்கெட்ல போட்டுப் பாரேன்" என்றேன்.

மேல் சாக்கெட்டுக்கு ஒரு கறுப்பு ரப்பர் மூடி போட்டிருந்தது. அதைப் பார்த்து இருவர் முகத்திலும் ஒரு பக்தி வந்தது. அவர்கள் தொழிற்சாலையில் ஒரு குழாயின் வாயை மூடி வைத்திருந்தால் அதற்கு டம்மி என்று பெயர். எழுத்துபூர்வமாக அனுமதி வாங்காமல் டம்மியைத் திறந்தால் உள்ளேயிருந்து என்ன வருமோ தெரியாது, ஆளே போய்விடலாம்.

"டம்மி போட்ட லைனு மே அது. அத்தப் போயி தொடச் சொல்றியே" என்றார் கணவர்.

"தொட்டா வாரண்டி பூடும் மாமு" என்றார் சிநேகிதர்.

தூசிக்குப் போட்ட ரப்பர் மூடிக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையில் கொஞ்சம் பின்னுக்கும் கொடுத்திருக்கலாம். நான் மூன்றாவது டீயோடு வந்தபோது கணவர் கையில் மூக்குக் குறடு, எதிரே தட்டில் நாலு பின். "நாலு போனா இன்னா, பாக்கி எத்தினி கீது பாரு" என்று கன்வெர்ட்டரை என்னிடம் காட்டினார். உள்ளே தள்ளினார். போனது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

சுவிட்சைப் போட்டதும் திரையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் வந்து, சிக்னல் இல்லை என்றது. மானிட்டரின் தலையில் இரண்டு தட்டு தட்டினார்கள். "டியூபு பூட்ச்சி மாமு" என்று சிநேகிதர் தீர்ப்புச் சொன்னார்.

டீ கிளாஸை எடுத்தபோதுதான் அடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். கார்டோடு வந்தது. காலையிலிருந்து அதன்மேல் டீயைத்தான் வைத்திருந்தார்கள். படம் போட்டிருந்தது. மேல் சாக்கெட்டில் தகட்டு வழியைச் சுற்றி நாலு ஓட்டை, பக்கத்தில் தொப்பை மானிட்டர். கீழ் சாக்கெட்டில் ஓட்டை கிடையாது, பக்கத்தில் தட்டை மானிட்டர் மட்டும். நான் போய் மூடியைப் பிடுங்கினேன். நாலு ஓட்டையும் காலியாக என்னைப் பார்த்தன. தொப்பை மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோக வேண்டிய நாலு பின்னும் தட்டில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை, வேறு கன்வெர்ட்டர் வாங்கக் கடை கிடையாது.

படத்தை இருவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். சிநேகிதர் செருப்பைத் தேடினார். கணவர், "பொறு மே, சால்டர் வெச்சி ஒட்டிக்கலாம்" என்றார். அழுதேன், வேறென்ன செய்ய.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவருடைய செல்போன் அடித்தது. மேனேஜர். நான் அடுப்படியில் இருந்தேன். கணவர் குரலைத் தாழ்த்திப் பேசியது நன்றாகவே கேட்டது.

"இல்ல சார், வூட்ல அவுங்களுக்கு அந்த மிஷினு சரியா ஓட்டத் தெரில. பூட்ச்சி. நீங்க வேற ஆளு பாத்துக்கோங்க சார்."

பின் போனதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். இதை மறக்கவில்லை. போனைப் பிடுங்கி, "பத்து மணிக்கு அங்க இருப்பேன் சார்" என்றேன். கம்ப்யூட்டர் பெட்டியின் ஒயர்களைக் கழற்றி, பூப்போட்ட பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டினேன்.

"பொட்டியத் தூக்கிகினு எங்க மே போற?"

"நீ ராவ முடியாத எடத்துக்கு."

ஷேர் ஆட்டோவில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வரைகிறவர்கள் எல்லாரும் பெட்ஷீட்டைப் பார்த்தார்கள். "வீட்டு மானிட்டர்ல படம் வரலை சார். ஒரு மானிட்டர் மட்டும் குடுங்க" என்றேன். மேனேஜர் என்ன நினைத்தாரோ, லீவில் இருந்த ஒருவரின் இடத்தைக் காட்டினார். அங்கே தட்டை மானிட்டர். அதன் கேபிளின் வெள்ளைத் தலை கீழ் சாக்கெட்டில் ஒரு தள்ளலில் போனது. என் டிராயிங் வந்தது. மீதியை முடிக்க இரண்டு மணி நேரமானது. மேனேஜர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டு வேலைக்கு அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரை வச்சுக்கறேன். நீங்க நாளைலேர்ந்து இங்கயே வந்துடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய ரகளை. ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் சம்பளம் பழகிவிட்டது, நான் போவதும் பழகிவிட்டது. இப்போது வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அவரே சொல்கிறார்: "நான் மட்டும் அன்னிக்கு அந்த நாலு பின்னப் புடுங்கலன்னா, இவ இன்னும் வூட்லதான் குந்திகினு இருப்பா." சிநேகிதர் சாட்சிக்குத் தலையாட்டுவார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சொல்கிற எதற்கும் பதில் வைத்திருப்பேன். இதற்கு மட்டும் டீ போட எழுந்து போய்விடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை படம் வந்திருந்தால் அந்த மூன்றாவது மாடியிலேயே இருந்திருப்பேன், கார்டு வாங்கிக் கொடுத்த புண்ணியவானுக்கு நன்றி சொல்லிக்கொண்டு.