கொட்டகைக்குள் ஒரு படம்

விருத்தாசலத்தில் கல்யாணப் படம் எடுத்துவந்த செல்வநாயகிக்கு, 2008இல் ஒரு பீங்கான் பட்டறையில் தொழிலாளர்களைப் படமெடுக்கும் வேலை கிடைத்தது. "பொம்பள போட்டோகிராபரா?" என்று ஊர் சிரித்த காலம் அது. இந்தப் படம் கெட்டால் அடுத்த வேலைக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள்.

சூளைக் கொட்டகைக்குள் நாற்பது பேரை நிறுத்தி ஃப்ளாஷ் அடித்தாள். கேமராத் திரையில் பார்த்தால், காற்றில் மிதந்த மண்தூசி வெள்ளை உருண்டைகளாகப் பளிச்சிட்டு முகங்களை மறைத்தது.

"என்னம்மா, ஆலங்கட்டி மழையா?" என்றார் திரையை எட்டிப் பார்த்த மேஸ்திரி காத்தவராயன். "வெளியில வந்து நிக்கட்டுமா?"

"வேணாங்கண்ணே. நீங்க வேல செய்யற எடத்துலதான் எடுப்பேன்."

ஃப்ளாஷை அணைத்துவிட்டு, கேமராவின் ஒளியுணர்வைக் கூட்ட ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினாள். இருக்கிற கொஞ்ச வெளிச்சமே கேமராவுக்குப் போதும். படத்தில்தான் புள்ளி விழும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

பிரிண்டைப் பார்த்த மேஸ்திரி முகம் சுளித்தார். "புள்ளி புள்ளியா இருக்குதே?"

சூளையில் பீங்கான் விளக்குகளை அடுக்கும் கனகா அதைப் பிடுங்கினாள். "இருந்தா இருக்கட்டும்ங்க. என் மூக்குத்திகூட தெரியுது பாருங்க!"

பிறகு எத்தனையோ கல்யாணங்கள் எடுத்தாள் செல்வநாயகி. ஆனால் உன் வேலையைக் காட்டு என்று யார் கேட்டாலும், கடைசிவரை அவள் முதலில் நீட்டியது அந்தப் படத்தைத்தான்.