காற்று இருபத்திரண்டு

1998ஆம் வருடம் நவம்பர் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். காலையில் விட்ட மழை மதியம் மறுபடி பிடித்து, அந்த நேரத்தில் வெறும் தூறலாகக் குறைந்திருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் டிவியின் திரை முழுவதும் கருநீலமாக இருந்தது. அந்த நீலம் தண்ணீர். அதன் நடுவில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு குட்டி மனிதன் கைகளை விரித்தபடி அசையாமல் நின்றிருந்தான். மேல்மூலையில் மூன்று எண்கள் இருந்தன. உயிர் மூன்று, காசு முப்பத்தேழு, காற்று இருபத்திரண்டு. திரைக்கு முன்னால் பாயில் என் அக்கா ஒருக்களித்து விழுந்து, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்க ஓடுவதற்கு முன் என் கண் அந்த மூன்று எண்களையும் படித்து வைத்துக்கொண்டது. இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, பட்டுச் சேலைகளை விற்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தரம் பார்க்கும் வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். கண்ணாடியை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணிச் சொல்வது என் வேலை. வீட்டிலும் அப்படித்தான். படுக்கப் போகுமுன் சுவிட்சுகளை மூன்று முறை சரிபார்ப்பேன். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தறி இருந்தது, அதில் நீளக் கட்டிய பட்டு இழைப் பாவு இருந்தது. ஒரு பொறி போதும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. நான் மணம் செய்துகொள்ளவில்லை. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கணவர் இறந்து, ஒரே மகளையும் சென்னையில் கட்டிக் கொடுத்த பிறகு என்னோடு வந்து இருந்தாள். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. மாடிப்படி ஏறினால் ஏழாவது படியில் நிற்பாள். நான் எண்ணுவதைப் பார்த்து, "படிய எண்றியா, என் மூச்ச எண்றியாடா?" என்பாள். இரண்டையும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முந்தின வருடத் தீபாவளிக்குக் கலர் டிவி வாங்கியபோது கூடவே இஸ்திரிப் பெட்டி இலவசம் என்றார்கள். பெட்டி தீர்ந்துபோய், அதற்குப் பதிலாக ஒரு டிவி கேம் பெட்டி கொடுத்தார்கள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் இது எதற்கு என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். அக்கா பையைப் பிடுங்கிக்கொண்டாள். கேசட்டின் மேல் 999 விளையாட்டுகள் என்று அச்சடித்திருந்தது. ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தேன். ஏழு விளையாட்டுகள்தான் மாற்றி மாற்றி வந்தன. நான் கொதித்துப்போனேன், அக்காவோ, "ஏழு போதும்டா, எனக்கு ஒண்ணே தாங்கல" என்று சொல்லிவிட்டு ஐந்தாவதாக இருந்ததைப் பிடித்துக்கொண்டாள். தறிக்கு நூல் தார் சுற்றிப் பழகிய விரல்கள் அவளுக்கு. அந்த இரண்டு பொத்தான்கள் ஒரு வாரத்தில் வசமாயின.

அந்த விளையாட்டில் மஞ்சள் சட்டைக்காரன் ஓடிக்கொண்டே இருப்பான். முதல் கட்டத்தில் ஐந்து பள்ளங்கள். இரண்டாவதில் ஒரு குகை, மேலிருந்து கல் விழும். மூன்றாவதில் இருபத்துநான்கு பலகை வைத்த ஒரு பாலம், மிதித்த பலகை உடனே கழன்றுகொள்ளும். நான்காவது தண்ணீர். அங்கே வந்ததும் இசை மெதுவாகிக் கனத்துவிடும். காற்று என்று ஓர் எண் அறுபதில் தொடங்கி இறங்கும். இடப்பக்கத்து இருட்டிலிருந்து பெரிய வாயோடு ஒரு விலாங்கு வரும். ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் அக்கா பத்தொன்பது முறை அந்தத் தண்ணீருக்குள் போயிருந்தாள். ஒரு முறையும் கரை சேரவில்லை.

என்னை நடுங்க வைத்தது விலாங்கு அல்ல. அவன் தண்ணீரில் குதித்ததும் அக்காவும் மூச்சை அடக்கிக்கொள்வாள். முதலில் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு விநாடி, இருபத்தாறு, முப்பத்தொன்று. உதட்டோரம் நீலம் பாரிக்கும். "மூச்ச வுடு அக்கா, அது பொம்மை" என்று கத்துவேன். அவன் செத்த பிறகுதான் விடுவாள். "தண்ணிக்குள்ள எவனாச்சும் மூச்சு வுடுவானா? படிச்சவன்தானே நீ?" என்பாள். எழுந்து போய்விடலாம் என்று தோன்றும். நான் போய்விட்டால் யார் எண்ணுவார்கள் என்று உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் புதன்கிழமை முப்பத்தெட்டு வரை எண்ணினேன். அவள் மூச்சை விட்டாள். திரும்ப இழுக்க முடியவில்லை. விழும்போதும் கட்டைவிரல் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டது. ஆட்டோவில் ஏற்றும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"டிவிய அணை. பொட்டிய அணைச்சிடாதே. பாதித் தண்ணியில நின்னுகினு இருக்கேன்டா."

அந்தப் பெட்டியில் எதையும் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும், முதல் பள்ளத்திலிருந்து தொடங்க வேண்டும். டிவியை மட்டும் அணைத்துவிட்டு, அடாப்டர் சூடாகிறது என்று ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் அவளைச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. மகள் கூட இருந்தாள். சனிக்கிழமை நான் ஊர் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போதே வீடு எரிந்திருக்கும் என்று ஒரு பயம், பெட்டி அணைந்திருக்கும் என்று ஒரு பயம். இரண்டில் எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை. கதவைத் திறந்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு மின்விசிறி நின்றது. எண்ணினேன். பதினோராவது விநாடியில் மறுபடி சுழன்றது. சிவப்பு விளக்கும் எரிந்தது. டிவியைப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மணிவரை அந்த விளக்கின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு போட்டேன். 999 விளையாட்டுகளின் பட்டியல்தான் வரிசையாக நின்றது, தண்ணீரைக் காணோம்.

அன்று மாலை பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, பலூன் வுட்டு வால்வ விரிக்கிறாங்களாம். வெள்ளிக்கிழமை தேதி குடுத்துட்டாங்க. நீங்க வியாழக்கிழமை சாயங்காலம் வந்துடுங்க." எத்தனை சதவீதம் ஆபத்து என்று டாக்டரைக் கேட்டாயா என்றேன். "வந்துடுங்க மாமா" என்று மட்டும் மறுபடி சொன்னாள். கேட்டிருக்கிறாள், என்னிடம் சொல்ல விரும்பவில்லை என்று புரிந்தது.

ஒரு கேசட்டுக்கும் ஒருத்தியின் இதயத்துக்கும் தொடர்பில்லை என்பது எனக்குத் தெரியும். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அவள் பாதித் தண்ணீரில் நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள், நான் அவளை அங்கே வைத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளை உள்ளே கொண்டுபோகும்போது அவள் எங்கே இருப்பாள்? அதற்குள் அவளை அதே இடத்தில் திரும்பக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மின்சாரம் மறுபடி போனால் தாங்க வேண்டுமே என்று ரேடியோ மெக்கானிக்கிடம் போய் ஆறு டார்ச் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து, அடாப்டரோடு இணைத்துத் தரச் சொன்னேன். ஆறு ஒன்றரை ஒன்பது வோல்ட், கணக்குச் சரியாக இருந்தது. "இன்னா சார், ரிட்டயர்மெண்டுக்கு இப்பவே பழகுறீங்களா?" என்று சிரித்தார். வெள்ளி வரை சங்கத்தில் விடுப்பை நீட்டினேன். ஆறு வருடத்தில் நான் எடுத்த முதல் விடுப்பு அது.

அதுவரை அந்தப் பொத்தான்களை நான் தொட்டதில்லை. ஞாயிறு மாலை முதல் பள்ளத்தில் விழுந்தேன். மறுபடி விழுந்தேன். ஐம்பத்தொரு வயதில் என் கட்டைவிரல் நான் சொல்வதைக் கேட்கவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். சங்கத்து டைரியின் பின்பக்கத்தில் பள்ளங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் எத்தனை எண்ணிக்கை ஓடவேண்டும் என்று குறித்தேன். முதல் பள்ளம் நான்கு, இரண்டாவது ஏழு, மூன்றாவது மூன்று. குகையில் கற்கள் ஐந்துக்கு ஒருமுறை விழுந்தன. திங்கள் போயிற்று. செவ்வாய்க்கிழமை பாலத்தைத் தொட்டேன். இன்றும் என் கனவில் வருவது அந்தப் பாலம்தான். பதினேழாவது பலகையில் நிற்கவே கூடாது, பதினெட்டில் ஒரு மூச்சு நிற்கலாம். எட்டு முறை பதினேழில் நின்றேன். ஒவ்வொரு சாவுக்கும் டைரியில் ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் கதவைப் பார்த்தேன், தொலைபேசிக்கு யாராவது கூப்பிட வருகிறார்களோ என்று.

புதன்கிழமை ஓர் உயிரோடு தண்ணீரைத் தொட்டேன். அது போதாது. அவளுக்கு மூன்று உயிர் இருந்தது, ஒரு முறைகூடச் சாகாமல் வந்திருந்தாள். வியாழன் பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு, எழுபத்தோராவது ஆட்டத்தில், மூன்று உயிரோடு குதித்தேன். இசை கனத்தது. அறுபதிலிருந்து இறங்கியது. இடப்பக்கத்து இருட்டு அசைந்தது. நாற்பது. முப்பத்தைந்து. என் காதுக்குள் அடைத்துக்கொண்டு வந்தது, நெஞ்சு விம்மியது. இருபத்திரண்டு. அழுத்தினேன். எல்லாம் நின்ற பிறகுதான் தெரிந்தது, நானும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறேன். வேண்டுமென்று அடக்கவில்லை, தானாக நின்றிருந்தது. இத்தனை நாள் அவளை எதற்குத் திட்டினேன் என்று வெட்கமாக இருந்தது. காசு மட்டும் நாற்பத்தொன்று காட்டியது. பாலத்தின் மேல் நான்கு காசுகளைத் தவிர்க்க எனக்கு வழி தெரியவில்லை. திருத்த நேரமும் இல்லை. டிவியை அணைத்துவிட்டு நான்கு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா என்னைக் கூப்பிட்டாள். முகம் சிறுத்திருந்தது.

"நான் அங்கதானே இருக்கேன்?"

"அங்கயேதான் இருக்க அக்கா. காத்து இருபத்திரண்டு."

தலையை ஆட்டினாள். கதவு மூடிக்கொண்டது. நடையில் தரைக்கற்கள் நீளத்தில் நாற்பத்தாறு, அகலத்தில் ஒன்பது. இரண்டு மணி பத்து நிமிடத்தில் நான் அவற்றை நூறு முறையாவது எண்ணியிருப்பேன், ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தது. வாழ்க்கையில் எனக்கு அப்படி ஆனது அன்று மட்டும்தான். டாக்டர் வெளியே வந்து, விரிந்துவிட்டது என்றார்.

டிசம்பர் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்கு வந்தாள். காப்பி குடித்த கையோடு பாயில் உட்கார்ந்து டிவியைப் போடச் சொன்னாள். நீலம் வந்தது. அவள் உடனே பொத்தானை அழுத்தவில்லை. மேல்மூலையைப் பார்த்தாள். எண்ணுவது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"நாலு காசு கூட இருக்குதே."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரலில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"எத்தினி வாட்டிடா செத்த?"

"எண்ணல" என்றேன்.

"நீயா?" என்றாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். அந்த இருபத்திரண்டு காற்றில் விலாங்குக்கு அடியில் புகுந்து கரை ஏறினாள். அவள் மூச்சு இழுப்பதும் விடுவதும் அறை முழுவதும் கேட்டது. ஐந்தாவது கட்டம் என்று அவ்வளவு நாள் ஏங்கியது முதல் கட்டமேதான், வானத்துக்கு மட்டும் வேறு நிறம் அடித்திருந்தார்கள். ஐந்து பள்ளங்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பயத்தில், சிரிக்காதே, தையல் பிரியும் என்றேன். தையலே போடவில்லையாம்.

அதன் பிறகு ஒன்பதாவது வருடத்தில், 2007இல், வேறொரு காய்ச்சலில் மூன்றே நாளில் போனாள். அதுவரை, சும்மா இருக்கும்போதெல்லாம், வருடத்துக்கு நான்கைந்து முறையாவது, "இப்பவாச்சும் சொல்லுடா, எத்தினி வாட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எண்ணவில்லை என்றே சொல்லிவந்தேன். எண்ணைச் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடும், அவளைத் திரும்பக் கேட்டுவிடுவார்கள் என்று எனக்குப் பயம். யார் கேட்பார்கள் என்று எனக்கே தெரியாது. கடைசி நாள் ஆஸ்பத்திரியிலும் கேட்டாள். அன்றும் சொல்லவில்லை.

எனக்கு இப்போது எழுபத்தெட்டு. அதே முன்னறை, அதே சுவர். இன்றைய டிவியில் அந்தப் பெட்டியின் மஞ்சள் வயரைச் செருகத் துளையே கிடையாது. மாடிப்படியில் இப்போது நானும் ஏழாவது படியில் நிற்கிறேன், எண்ணுவதற்கு ஆள் இல்லை. டைரி மட்டும் இருக்கிறது. பள்ளங்களில் எழுபது, குகையில் நாற்பத்தெட்டு, பாலத்தில் எண்பத்தேழு, தண்ணீரில் ஐந்து. இனி யாரும் எதையும் திரும்பக் கேட்க முடியாது என்பதால் சொல்கிறேன், அக்கா: இருநூற்றுப் பத்து வாட்டி.