சுவரைப் பார்த்து நின்ற தம்பதி

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவர் துபாயில் ஏ.சி. மெக்கானிக். எங்கள் ஒரே மகளுக்கு அப்போது பத்து வயது. பிறவியிலேயே காது கேட்காது. கைச்சாடையில்தான் பேசுவாள்; லீவில் வரும்போது அவரும் அதைக் கற்றுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வளைகுடாவில் விடுமுறை; அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டு அப்பாக்களிடம் போனில் கொஞ்சும். என் மகள் ஒரே ஒருமுறை ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதைத் தொடவே இல்லை. அவர் சொல்வதை நான் கேட்டு அவளுக்குச் சாடையில் சொல்வேன். அவள் சொல்வதை அவருக்குச் சொல்வேன். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் எப்போதும் நான்தான்.

பிரவுசிங் சென்டரில் கேமரா இருக்கிறது என்று கூட்டிப் போனேன். அவள் கைகளை அசைத்ததும் பக்கத்துத் தடுப்புகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஏதோ வித்தை காட்டுகிற மாதிரி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ கைகளை மடியில் ஒளித்துக்கொண்டாள். வீட்டுக்கே கணினியும் பிராட்பேண்ட் இணைப்பும் வாங்குவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதலில் வந்தவர் எங்கள் சந்துக்குக் கேபிள் டிவி கொடுப்பவர். "சேச்சி ஒண்ணும் யோசிக்கண்டா, படமெல்லாம் சும்மா பறந்து வரும்" என்றார். பொய் சொல்லக்கூடாது, பறந்துதான் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை திரையில் அப்பா முகம் தெரிந்ததும் என் மகள் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள். பள்ளிக்கூடம், தோழியோடு சண்டை, புதுச் செருப்பு என்று கைகள் ஓயவில்லை. கடைசியில், எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதே சிரிப்பு. அவள் திரையை அணைத்துவிட்டுப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

உடனே அவர் போனில் கூப்பிட்டார். "பிள்ளை கையைத் தூக்குனது தூக்குனபடியே நிக்கு. என்னமோ சொல்லுகான்னு தெரியுது, என்னன்னுதான் தெரியல. அழுதுரக் கூடாதேன்னு சிரிச்சுக்கிட்டே இருந்தேன்."

மறுவாரம் அவள் படித்த காது கேளாதோர் பள்ளி வாசலில், வாடிய முகத்தோடு நின்ற அவளிடம் ஒரு தம்பதி பேச்சுக் கொடுத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்களாம். இருவருக்குமே காது கேட்காது. அவர்கள் கைகளின் வேகம் எனக்குப் பிடிபடவில்லை. என் மகள்தான் எனக்கு நிதானமாகச் சொன்னாள். எவ்வளவு வேகமாக வரும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கையால் பேசுகிறவர்கள், நம் வீட்டிலிருந்து படம் எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்க வேண்டுமாம்; போகிற வேகம் குறைந்தால் அங்கே கை உறைந்து நின்றுவிடுமாம். தங்கள் வீட்டில் டெலிபோன் லைன் வழியாக வருகிற இணைப்பு இருக்கிறது, வந்து அப்பாவோடு பேசிப் பார், பிறகு எதை வாங்குவது என்று முடிவு செய்யுங்கள் என்கிறார்களாம். முன்பின் தெரியாத எங்களைப் பார்த்து!

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரமனையில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஜன்னல் வெளிச்சம் கைகளில் விழும்படி அவளை உட்கார வைத்தார்கள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள். துபாயில் அவரும் அதே விரல்களை மடக்கி நீட்டினார். போய்ச் சேர்கிறது!

அப்போது அந்தத் தம்பதி எழுந்து, அறையின் மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதாவது தப்பு செய்துவிட்டோமோ என்று பதறினேன். நான் வழக்கம்போல் மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்தப் பெண் வந்து என் தோளைத் தொட்டு, மெதுவாக என்னையும் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

அப்புறம்தான் உறைத்தது. கையால் பேசுகிறவர்களுக்கு, பார்ப்பதுதான் ஒட்டுக் கேட்பது. நாம் அடுத்தவர் போன் பேசும்போது எழுந்து அப்பால் போகிறோமே, அந்த மரியாதையைத்தான் அவர்கள் முகத்தைத் திருப்பிக் காட்டினார்கள். அவர் லீவில் வந்தாலும் நான் கூடவேதான் இருப்பேன்; என் மகள் பிறந்ததிலிருந்து, தன் அப்பாவிடம் நான் அறியாமல் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

எனக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. ஒருமுறை சிரித்தாள். பிறகு ஒரு விசும்பல். திரும்பிவிடத் துடித்தேன். பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணுக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாங்களும் டெலிபோன் லைன் இணைப்பையே வாங்கினோம். அவள் கைகள் தெளிவாகத் தெரியக் கணினியை வெற்றுச் சுவருக்கு எதிரே மாற்றி வைத்தோம். வெள்ளிக்கிழமைகளில் நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

கரமனையில் அன்றைக்கு அவள் அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பெற்ற எனக்கே கொடுக்கத் தோன்றாத ஒன்றை, யாரோ இருவர் சுவரைப் பார்த்து நின்று என் மகளுக்குக் கொடுத்தார்கள்.