தலையில் கை வைத்த நேரம்

காலை ஆறு மணிக்குப் பொம்மையார்பாளையத்தில் பஸ் ஏறினோம், நானும் மனைவி சுமதியும். மரக்காணம் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் உப்பளங்களைத் தாண்டி உப்பங்கழிக் கரையில் இறங்கும்போதே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. துடுப்புப் படகில் போக வேண்டும் என்பது என் ஆசை. நீச்சல் தெரியாத சுமதியை நச்சரித்துக் கூட்டி வந்ததும் நான்தான்.

படகுக்காரர் ஏழுமலை, பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். கிளம்புமுன் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தார்.

"காத்துல கத்துனா ஒண்ணும் கேக்காதுங்க. துடுப்பைத் தலைக்கு மேல படுக்கப் புடிச்சா நில்லுங்க. நேரா தூக்குனா வாங்க. சாய்ச்சா, அந்தப் பக்கமா வாங்க."

இவ்வளவுதானே என்று நான் டீக்கடைப் பக்கம் நழுவிவிட்டேன். பாக்கிப் பாடத்தைச் சுமதி மட்டும் கேட்டாள்.

ஏழுமலையின் படகில் அவள். பின்னால் தனிப் படகில் நான். கரையோரத்து உப்புக் குவியல்களில் கண் கூசியது. கொக்குகளை வேடிக்கை பார்த்துப் பின்தங்கிவிட்டேன். நிமிர்ந்தால், முன்னால் போன படகு கவிழ்ந்து கிடக்கிறது. துடுப்பை வேகமாகப் போட்டு விரைந்தேன்.

ஏழுமலையின் துடுப்பு தலைக்கு மேல் படுக்கையாக உயர்ந்தது. நிற்கச் சொல்கிறார். நிற்கிற நேரமா இது? பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். அவர் பக்கத்தில் சுமதியின் லைஃப் ஜாக்கெட் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். போச்சு, எல்லாம் போச்சு! என் கையும் தானாகத் தலைக்குப் போனது. இருக்கிற தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன்.

பிறகு துடுப்பு நிமிர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள் மகராசி. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

"வலை கட்டுற கொம்பு ஒண்ணு தண்ணிக்குள்ள முறிஞ்சு கெடந்துதுங்க. நேரா வந்திருந்தா நீங்களும் கவுந்திருப்பீங்க" என்றார் ஏழுமலை.

"அது சரி, நீ ஏன் தலையில கை வச்ச?" என்று சுமதியிடம் பாய்ந்தேன்.

"அவர் சொன்னாரே! நல்லா இருக்கேன்னா தலையில கை வைக்கணும்னு."

இந்த ஊரில் இதற்கு வேறு சைகையே கிடைக்கவில்லையா என்று எரிச்சல் வந்தது. ஆனால் அவளை என் படகில் ஏற்றி, ஏழுமலை அதை இழுத்துக்கொண்டு நடக்க, அவள் கையைப் பிடித்தவன் கரை சேரும்வரை விடவில்லை.

மத்தியானம் திரும்பும் பஸ்ஸில், ஈரப் புடவையைப் பிழிந்தபடி சுமதி சொன்னாள்: "விழுந்ததும் உதறிடுச்சுங்க. ஆனா நீங்களும் ஒடனே தலையில கை வச்சு, நல்லா இருக்கேன், பயப்படாதன்னு சொன்னீங்க பாருங்க. அப்பதான் எனக்குத் தைரியமே வந்துச்சு."

"பின்னே?" என்றேன்.