சர்க்கரை இல்லாத சித்தப்பாவின் பிரஷர்

எங்கள் வீட்டில் சர்க்கரை நைனாவுக்கு, பெருமை சித்தப்பாவுக்கு. ரத்த அழுத்தம் மட்டும் இருவருக்கும் பொது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்; சித்தப்பா அவருடைய தம்பி. மீஞ்சூரில் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

நைனா சர்க்கரைக்குப் பயந்து, அதோடு மற்ற எல்லாவற்றுக்கும் பயந்துவிட்டார். காலையில் மாத்திரை, மாலையில் நடை, ஊறுகாய்க்கு முழுக்கு. சித்தப்பாவுக்கும் டாக்டர் பிரஷர் மாத்திரை எழுதித்தான் கொடுத்திருந்தார். ஓர் அட்டை தீர்ந்ததும் தலைசுற்றல் நின்றது, மாத்திரையையும் நிறுத்திவிட்டார். சுகர் இருப்பவன்தான் பிரஷருக்குப் பயப்பட வேண்டும் என்பது அவர் சொந்த மருத்துவம். அதை நிரூபிக்க நைனாவுக்கு எதிரில் உட்கார்ந்து கருவாட்டை நிதானமாக மெல்லுவார்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு பைப் கம்பெனியில், அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. முதல் சம்பளத்தில் பிரஷர் மெஷின் வாங்கினேன். கூடவே சட்டமும் போட்டேன்: ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், கால் தரையில், கை நெஞ்சு உயரத்தில், பேச்சு கூடாது. நைனா சிலை மாதிரி உட்கார்ந்தார், 126/78. சித்தப்பா என் சட்டத்தைக் கேலி செய்துகொண்டே கையை நீட்டினார், 168/102. கெஞ்சி அவர் வாயை மூட வைத்து மறுபடி பார்த்தேன், அடுத்த நாளும் பார்த்தேன். பெரிதாக இறங்கவில்லை.

"இந்த மெஷினு உங்கப்பன் கட்சி" என்றார்.

கேலிதான், ஆனால் முகம் மாறிவிட்டது. அவரும் கும்மிடிப்பூண்டியில்தான், ஒரு ஸ்டீல் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார்; காலை ஷிப்ட் என்றால் இருவரும் ஒரே டிரெயினில்தான் போவோம். அடுத்த வாரம் வருடாந்திர உடல் பரிசோதனை. பிரஷர் அதிகம் என்றால் கேபினிலிருந்து இறக்கி, கேட்டில் லாரி நம்பர் எழுத உட்கார வைத்துவிடுவார்கள். இருபது வருடமாக ஊரையே மேலிருந்து பார்த்தவருக்கு அது தாங்காது.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால், சமையலறையில் நைனாவின் பிரஷர் மாத்திரை டப்பாவும் கையுமாக என்னிடம் மாட்டினார். இரண்டு நாள் போட்டால் தேறிவிடலாம் என்பது திட்டம்.

"ஒரே வயித்துல பொறந்தவங்கம்மா நாங்க. ஆளுக்கொரு மாத்திரையா?"

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். டாக்டரிடம் போகலாம் என்றேன். ஷிப்ட் இருக்கிறது என்றார்.

பரிசோதனையில் பிடிபட்டார். கம்பெனி டாக்டர் சொன்னதை அவரே வீட்டில் ஒப்பித்தார். அண்ணன் மாத்திரையையே போடலாமா என்று அவரிடமும் கேட்டிருக்கிறார்; அண்ணனுக்கு சுகரும் இருப்பதால் கிட்னியையும் யோசித்துக் கொடுத்த மாத்திரையாம் அது. இவருக்கு சுகர் இல்லாதது நல்லதுதான், அதற்காக பிரஷர் இவரைச் சும்மா விட்டுவிடாதாம். இவருக்கென்று எழுதிய மாத்திரையைத் தினமும் போட்டு, உப்பைக் குறைத்து, ஒரு மாதம் கழித்து வர வேண்டும். அதுவரை கேட் வேலைதான்.

அந்த மாதம் நைனாவின் பொற்காலம். "தம்பி, அந்த அப்பளத்த இப்டி தள்ளு. நமக்கு ஆவாது" என்பார், அவ்வளவு பாசமாக. அந்தக் கடுப்பை சித்தப்பா என்மேல் காட்டினார்; முதலில் உனக்குப் பார் என்றார். பார்த்தேன், மேல் அளவு 138. பேசிக்கொண்டே இருந்தால் ஏறாதா என்று என் சட்டத்தை எனக்கே படித்தார். ஐந்து நிமிடம் வாயை மூடி உட்கார்ந்தேன். நைனா உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, வீட்டில் சத்தமே காணோமே, கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார்.

ஒரு மாதம் கழித்து சித்தப்பா தேறினார்; கேபின் திரும்பக் கிடைத்தது. எனக்கோ மறுநாள் காலைதான் உண்மையான பரிசோதனை. கேபின்தான் வந்துவிட்டதே, இனி எதற்கு என்று விட்டுவிடுவாரோ? கதவோரம் நின்று பார்த்தேன். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி, போட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பாமலே சொன்னார்:

"எட்டிப் பாத்துக்கினு நிக்காத. டிரெய்னு போயிடும், வா."