பிளாஸ்டிக்குக்குள் ஒரு திருமணச் சான்றிதழ்

என் மனைவியின் அக்கா தஞ்சாவூரில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். பிள்ளைகள் இல்லாதவர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினால் ஆறு மாதமாவது கூட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் என் மனைவிதான். கல்யாணமாகி வந்து சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவள்; பிறந்த ஊரில் அத்தனை நாள் தங்க இப்போது அவளுக்கு ஓர் அனுமதி அட்டை தேவைப்பட்டது.

ஓர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தவன் நான். விண்ணப்பங்களை எதற்கெல்லாம் திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். திருப்பி அனுப்பியவனே நான்தான். ஓய்வு பெற்றதும் எனக்கு நானே வாங்கிக்கொண்ட பரிசு ஒரு லேமினேட் இயந்திரம். பிறப்புச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டைகள், அரிசி குக்கரின் உத்தரவாதச் சீட்டு, எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் அடைத்துவிட்டேன். ஈரக்காற்றை நான் நம்புவதில்லை. கரப்பான்பூச்சியையும் நம்புவதில்லை.

விண்ணப்பம் கொடுக்கப் போகும் நாள் காலை ஆவணக் கோப்பை மூன்றாம் முறை சரிபார்த்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

“கல்யாண சர்டிபிகேட்ட இப்படி பிளாஸ்டிக்கோட குடுத்தா வாங்குவாங்களா? ஒரு போன் போட்டு கேளுங்களேன்.”

“யாருகிட்ட சொல்ற? இதெல்லாம் நான் பார்க்காததா?” என்றேன்.

இந்திய விசா, பாஸ்போர்ட் விண்ணப்ப மையத்தில் எங்கள் எண் நாற்பத்தொன்று. திரையில் முப்பத்தெட்டு வந்தது, அடுத்து ஐம்பத்திரண்டு. வேறு சேவைக்கு வேறு வரிசை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஐம்பத்திரண்டு எழுந்து போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வாசலுக்கு அருகிலேயே ஒரு புகைப்படக் கடை இருந்ததும் பிடிக்கவில்லை. உள்ளே ஒருவருடைய படத்தைச் சரியில்லை என்று திருப்பினால் அங்கே ஒரு வாடிக்கையாளர் பிறக்கிறார். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

பக்கத்து நாற்காலியில் துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர், பாஸ்போர்ட் புதுப்பிக்க வந்தவர், என் மடியிலிருந்த கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, அதை பிளாஸ்டிக்கோட வாங்க மாட்டாங்கய்யா. என் ரூம்மேட்டுக்குத் திருப்பிட்டாங்க. புது காப்பி எடுத்துட்டு வந்துடுங்க.”

கேட்காமல் உதவ வருகிறவர்களை எனக்குத் தெரியும். முதலில் அறிவுரை வரும், அடுத்து ஒரு விசிட்டிங் கார்டு வரும். கோப்பை மூடிக்கொண்டேன். மனைவி அவரிடம் எந்த ஊர் என்று விசாரித்தாள். பாபநாசமாம். கால் மணி நேரம் பேசினார்கள். கார்டு வரவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

கவுன்டரில் இருந்த பெண் ஒவ்வொரு தாளாக வாங்கி, திருமணச் சான்றிதழில் நின்றாள்.

“அங்கிள், லேமினேட் பண்ணிட்டீங்களா? பின்பக்கம் முத்திரை வைக்கணுமே.”

“விதி எங்கே இருக்கு? எழுத்துல காட்டுங்க.”

என்னிடமும் பலர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்; அன்று என்னைப் போலவே அவளும் அசரவில்லை. கண்ணாடியின் அடியிலிருந்து ஓர் அறிவிப்பை எடுத்து நீட்டினாள். ஆறாவது வரி: லேமினேட் செய்த ஆவணங்கள் ஏற்கப்படமாட்டா. அந்த அறிவிப்பு லேமினேட் செய்யப்பட்டிருந்தது.

“திருமணப் பதிவகத்துல புது நகல் வாங்குங்க, ஒரு வாரம்கூட ஆகலாம். ஆனா அடுத்த அப்பாயின்ட்மென்ட் மூணு வாரம் கழிச்சுத்தான் இருக்கு. இன்னிக்கே முடியணும்னா, நாலு மணிக்குள்ள சேதமில்லாத ஒரிஜினல் வரணும்.”

அக்கா அடுத்த வாரம் வீடு திரும்புகிறார். மணி பன்னிரண்டு. பிளாஸ்டிக்கை உரித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

லிட்டில் இந்தியாவில் எனக்கு லேமினேட் தாள் விற்கும் கடைக்கே போனோம். கடைக்காரர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது உரியாது சார். உரிச்சா கிழியும்லா.”

தாளை விற்றவரே அதை எடுக்க முடியாது என்றால் நான் எப்படி நம்புவது? எனக்கு மறுபடியும் தாள் விற்கப் பார்க்கிறார் என்றே தோன்றியது. முடி உலர்த்தும் கருவி ஒன்றை அவரையே இரவல் வாங்கித் தரச் செய்தேன். அவர் தொட மறுத்ததால் நானே உட்கார்ந்தேன்.

“வேணாங்க,” என்றாள் மனைவி. “அந்தத் தம்பி சொன்ன மாதிரி புது காப்பி எடுத்துக்கலாம்.”

ஓரம் சூடாகி இளகியது. பிளாஸ்டிக் விரலளவு எழும்பியது. வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்து பார்த்துவிட்டு இழுத்தேன். தாளின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு போனது, பதிவாளர் கையெழுத்தில் பாதியும் சேர்ந்து போனது.

கடைக்காரர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். மனைவி சான்றிதழை இரண்டு துண்டுகளாகவே வாங்கிப் பையில் வைத்தாள்.

“சரி. பதினஞ்சு நாள் குறுகிய கால விசாவுல போயிட்டு வரேன். அப்பாயின்ட்மென்ட்டுக்குத் திரும்பி வந்துடறேன். நடுவுல அக்காவைப் பார்க்க யாராவது கிடைப்பாங்களான்னு அங்க போய்த்தான் கேட்கணும்.”

அவள் என்னைத் திட்டவில்லை. முப்பத்திரண்டு வருடம் மக்களைத் திருப்பி அனுப்பியபோது யாராவது இப்படி அமைதியாக எழுந்து போயிருந்தால், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

அவள் கிளம்பிப் போய் ஐந்தாம் நாள் பதிவகத்திலிருந்து புதிய நகல் வந்தது. அன்று மாலை தஞ்சாவூரிலிருந்து அழைத்தாள். சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

“பேப்பர் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எங்க வச்சிருக்கீங்க?”

“உறையில.”

“எந்த உறை?”

“காகித உறைதான்.”

“மெஷின்?”

“அலமாரிக்கு மேல.”

பின்னால் அக்கா வலியில் முனகுவது கேட்டது.

“போட்டோ எடுத்து அனுப்புங்க,” என்றாள். “பேப்பர் ஒன்னு, மெஷின் ஒன்னு.”

இரண்டையும் எடுத்து அனுப்பினேன். அத்தாட்சி இல்லாமல் நானும் யாரையும் நம்பியதில்லை.