இனிஷியல் போட்டால் புரிந்ததாகுமா?

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு சங்கதி சொன்னார். டிஸ்கில் பாதுகாப்புக்கென்று ஒரு ஆப்ஷன் போட்டு வைத்திருப்பார்களாம். அந்த டிஸ்கை ஏற்றுகிற சிஸ்டத்துக்கு அந்த ஆப்ஷனே தெரியாதாம். ஆனாலும் வாய் திறக்காமல் ஏற்றிக்கொள்ளுமாம். எச்சரிக்கை கொடுக்கணுமா வேண்டாமா என்று இன்னும் விவாதமாம். என்னய்யா விவாதம்? அறுபதுகளிலேயே நாரணாபுரத்தில் இதை முடித்துவிட்டு வந்தவள் நான்.

எங்கள் வீட்டில் இரண்டு டீச்சர், ஒரு நர்ஸ். நான் மட்டும் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் கிளார்க். நாரணாபுரத்தில் இருந்த கம்பெனி ஸ்டோரில், ஒவ்வொரு வெடிமருந்துச் சாமான் டின்னுக்கும் ஒரு அட்டை எழுதி அனுப்புவது என் வேலை. சந்தேகமான சரக்கு என்றால் அட்டையின் மூலையில் சிவப்பு மை பூசுவேன். போர்மேன் சோதிக்கும் வரை அந்த டின்னைத் தொடக்கூடாது என்று அர்த்தம். என் சொந்த யோசனை அது. அட்டைகளுக்கான ரசீதில் ஸ்டோர் கீப்பர் சங்கரலிங்கம் அண்ணாச்சி மூன்று மாதமாக இனிஷியல் போட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு லோடு நனைந்து வந்தது. அலுமினியப் பவுடரில் ஈரம் இறங்கினால் தானாகச் சூடேறும். லாரிக்காரர் சொன்னதைக் கேட்டுப் பதினேழாம் நம்பர் டின்மீது சந்தேகம் வந்ததால் அதன் அட்டைக்குச் சிவப்பு மூலை போட்டேன். இரண்டு நாள் கழித்துக் ஸ்டோரிலிருந்து எந்த டின் எங்கே போகிறது என்று காலை வண்டியில் வந்த இஷ்யூ சீட்டைப் பார்த்தால், மருந்து கலக்கும் ஷெட்டுக்குப் பதினேழாம் நம்பர்! கம்பெனி ஜீப்பில் ஏறி, "ஓட்டுங்க, ஓட்டுங்க" என்று டிரைவரைப் பிடுங்கி எடுத்துவிட்டேன்.

மருந்து கலக்கும் மாரியப்பன் டின் மூடியில் கை வைத்திருந்தார்.

"தொறக்காதீக!" என்று கத்தினேன்.

"ஆமா தாயி, என்னமோ வெதுவெதுன்னு இருக்கேன்னு நானே யோசிச்சேன்" என்றார் சாவகாசமாக.

ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, போர்மேன் அந்த டின்னை வெட்டவெளியில் கொண்டுபோய் வைத்தார். மத்தியானத்துக்குள் மூடி தானாகத் தெறித்துப் புகைந்தது.

நான் சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் பாய்ந்தேன். "சிவப்பு மூலையப் பாக்கலியா அண்ணாச்சி?"

"பாத்தேம்மா. பட்டாசு லேபிள் அச்சடிச்ச வேஸ்ட்ல வெட்டுன அட்டைதான? அச்சுக் கலரு ஒட்டியிருக்குன்னு விட்டுட்டேன். அங்கன பாருங்க, ஒண்ணுல பச்ச, ஒண்ணுல மஞ்ச, ஒண்ணுல மயிலு வாலே இருக்கு!"

"மூணு மாசமா இனிஷியல் போட்டீகளே?"

"அட்ட வந்து சேந்துச்சுன்னு போட்டேன். புரிஞ்சுச்சுன்னா போட்டேன்?"

சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு, அட்டையில் கலர் இருந்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று நினைத்தது என் மடத்தனம். சிவப்பு மூலைக்கு அர்த்தம் என்ன என்று ஸ்டோருக்கு ஒரு வரிகூட நான் எழுதி அனுப்பவில்லை.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன்: தெரியாத குறி வந்தால் ஸ்டோர் அந்த அட்டையை ஏற்கக்கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும்.

"ஏம்மா எஸ்தர், சும்மா சும்மா அட்ட திரும்பி வந்தா சீசன்ல வேல நடக்குமா? தெனம் அம்புட்டு அட்ட வந்தா ஒருத்தனும் பாக்க மாட்டான்."

"கண்ட கறைக்கெல்லாம் வேண்டாம் முதலாளி. இனி வெள்ளை அட்டதான். எத்தன குறி போட்டிருக்கேன்னு மேல எழுதிருவேன். நாம வேணும்னே போட்ட குறி அங்கன தெரியாதுன்னா மட்டும் திருப்பி அனுப்பட்டும்."

முதலாளி சரியென்று தலையாட்டினார்.

அடுத்த வாரமே ஒரு அட்டை திரும்பி வந்தது. அவசரச் சரக்குக்கு நான் போட்ட நீல மூலை அது. கீழே அண்ணாச்சியின் கோணல் எழுத்து: "நீலம் இங்கே தெரியாது." முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு சிரித்துவிட்டேன். அந்த ஆபீசில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில் அது.

எச்சரிக்கை தொல்லைதான் தம்பி, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாரியப்பன் அந்த ஷெட்டில் கடைசி வரை வேலை பார்த்து, பத்து விரலோடு ஓய்வு பெற்றார். போகும்போது இரண்டு கையையும் கூப்பி எனக்குக் கும்பிடு போட்டார்.